பழைய கிருமியும் புதிய நஞ்சும்

1950ஆம் ஆண்டில் ஜப்பானின் ஒசாக்கா வட்டாரத்தில், அரைகுறையாக உலர்த்திய சிறுமீன்களை உண்டோருள் 272 பேர் நோயுற்றனர். 20 பேர் மாண்டனர். காரணத்தை ஆராய்ந்த ஃபுஜினோ என்னும் அறிஞர் ஒரு கிருமியைக் கண்டறிந்தார். விப்ரியோ பாராஹீமோலிட்டிக்கஸ் என்பது அதன் இன்றைய பெயர். வாயில் நுழையாத பெயர்தான். வாந்திபேதிக் கிருமியின் நெருங்கிய உறவு என்றால் எளிதில் விளங்கும். ஆறு கடலொடு கலக்கும் உவர்நீரில் அது இயல்பாகவே வாழ்வது.

அறுபதாண்டுகளுக்குப் பின்னர் இறால் பண்ணைகளைப் பாழாக்கியதும் அக்கிருமியே என்பதை முதலில் எவரும் எண்ணினாரிலர். 2010ஆம் ஆண்டளவில் சீனாவிலும் வியட்நாமிலும், 2011இல் மலேசியாவிலும், 2012இல் தாய்லாந்திலும், குளத்தில் விட்ட குஞ்சுகள் ஏறத்தாழ முப்பத்தைந்து நாள்களுக்குள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஈரலும் கணையமும் ஒன்றாயமைந்த உறுப்பு வெளுத்துச் சுருங்கிக் கிடந்தது. வைரஸோ, பூச்சிமருந்தோ, தீவனக் கேடோ எனப் பலவாறு ஐயுற்றனர். அதற்குள் தாய்லாந்தின் விளைச்சல் ஏறத்தாழப் பாதியாயிற்று.

2013இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு லைட்னரும் அவர்தம் மாணவர் லோக் டிரானும் உண்மையை வெளியிட்டனர். கிருமி பழையது, நஞ்சுதான் புதியது. பிளாஸ்மிட் எனப்படும் சிறிய மரபு வளையம் ஒன்று இரண்டு நச்சுப் புரதங்களை உண்டாக்குகிறது என்பதைப் பின்னர் தைவான் அறிஞர்கள் 2015இல் விளக்கினர். கிருமி இறாலின் இரைப்பையில் தங்க, நஞ்சு ஈரலை அழிக்கிறது. மனிதரை நோய்ப்படுத்தும் கூறுகள் இவ்வகையில் பெரும்பாலும் இல்லை என்பது உண்போர்க்கு ஓர் ஆறுதல்.

இனி, தடுப்பது எவ்வாறு? குளோரினைக் கொட்டிக் குளத்துக் கிருமிகள் அனைத்தையும் கொன்றுவிடலாம் என்று பலர் கருதினர். அவர்களைக் குறைகூற இயலாது. முதலை இழந்து நிற்பவன் வேறென்ன செய்வான்? ஆயினும், வெட்டிய காட்டில் லாலான் முந்தி முளைப்பதுபோல், வெறுமையான நீரில் விரைந்து பெருகுவது விப்ரியோவே. மருந்துகளை மிகுதியாக இட்டவிடத்தோ, அவற்றுக்கு அடங்காத கிருமிகள் தோன்றின.

சோதித்த தாய் இறாலின் குஞ்சுகளையே வாங்குதல், அவற்றைத் தனித்தொட்டியில் சில வாரம் வளர்த்தபின் குளத்தில் விடுதல், அடியில் தேங்கும் கழிவை நாள்தோறும் அகற்றுதல் ஆகியனவே பயன்தந்தன. திலாப்பியா மீன் வளர்ந்த பச்சை நீரையும் சிலர் குளத்துக்குப் பாய்ச்சினர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மலாயாவுக்கு வந்து 'ஜப்பான் மீன்' என்றே பெயர்பெற்றது இத்திலாப்பியா இனம். அந்நீரிலுள்ள பாசியும் பிற நுண்ணுயிர்களும் இடத்தை நிரப்பிக்கொள்வதால், விப்ரியோ பெருக வழி குறைகிறது. இவற்றால் நோய் தணிந்ததேயன்றி முற்றும் ஒழிந்துவிடவில்லை.