மன்னார் வளைகுடாத் தீவுகள்

மன்னார் வளைகுடாத் தீவுகள் என்பன தமிழ்நாட்டின் தென்கிழக்குக் கரையை ஒட்டி, தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே சங்கிலி போல் அமைந்துள்ள பவளத் தீவுகளாகும். இவை 21 எனக் கணக்கிடப்பட்டுள்ளன. ஆயினும் இவற்றுள் இரண்டு இன்று நீர்மட்டத்திற்கு மேல் இல்லை.

அமைவிடம்

தீவுகள் தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்படுகின்றன. பெரும்பாலானவை கரையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் அமைந்துள்ளன. மண்டபம் தொகுதியிலுள்ள முயல் தீவே மிகப் பெரியது. அதன் பரப்பும் ஏறத்தாழ 1.3 சதுர கிலோமீட்டர்தான். வேம்பார் தொகுதித் தீவுகளுள் நல்லதண்ணி, உப்புத்தண்ணி ஆகியவையும் அடங்கும். கடல் நடுவே நன்னீர் எவ்வளவு அரிது என்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன.

புவியமைப்பு

இவை எரிமலைத் தீவுகள் அல்ல. உயர்ந்த மலைகளோ ஆறுகளோ இங்கு இல்லை. ஆழமற்ற கடலில் பவளப்பார்கள் வளர, அவற்றின் உடைந்த துண்டுகளும் மணலும் அலைகளால் குவிக்கப்பட்டுத் தீவுகள் உருவாயின. தீவைச் சூழ்ந்த பார் அலையின் வேகத்தைத் தடுக்கிறது. உடைந்த பவளம் மீண்டும் மணலாகிக் கரையில் சேர்கிறது. எனவே பார் அழிந்தால் தீவு தன் அரணையும் மணல் வரவையும் ஒருங்கே இழக்கும்.

தீவுகளின் அழிவு

இதுவே இங்கு நடந்தது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்திற்கும் பவளக்கற்கள் பல ஆண்டுகளாக வெட்டி எடுக்கப்பட்டன. தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குசல்லியும் கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் கடலுள் மூழ்கின. 2001 ஆம் ஆண்டில் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன; 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே கல்லெடுப்பு பெருமளவு நின்றது. அதற்குள் வான் தீவும் கரியச்சல்லியும் வெகுவாகச் சுருங்கியிருந்தன. கல்லெடுப்பு நின்ற பின்னும், கடல்நீர் வெப்பம் மிகுந்த 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளிறி மடிந்தன.

பாதுகாப்பு

இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986 ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989 இல் உருவான உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. இங்குள்ள கடற்புல் வெளிகளில் ஆவுளியா எனப்படும் கடற்பசு மேய்கிறது. குருசடைத் தீவு, முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவுடைய பலனோகுளோசசு என்னும் புழு வடிவ உயிரியால் விலங்கியல் மாணவரிடையே பெயர் பெற்றது.

வான் தீவைக் காக்க, 2015 முதல் அதன் அருகே கடலடியில் செயற்கைப் பார்கள் இறக்கப்பட்டன. பின்னர் கரியச்சல்லியிலும் இத்தகைய பணி மேற்கொள்ளப்பட்டது.