ஸ்டார் டிரெக்கா, டார்க்கா? 'ஆல் டைம் பெஸ்ட்' சயின்ஸ் ஃபிக்‌ஷன் தொடரை யார் முடிவு செய்வது?

வாட்ஸ்அப் குரூப்பில் "டார்க்தான் பெஸ்ட்" என்று ஒருவர் போட்டால் போதும். அடுத்த நிமிஷமே "பிளாக் மிரர் பார்த்திருக்கியா?" என்று ஒரு கேள்வி வரும். குரூப்பில் ஐம்பது வயதைத் தாண்டிய மாமா யாராவது இருந்தால், "ஸ்டார் டிரெக் இல்லாம இதெல்லாம் எங்கேருந்துப்பா வந்திருக்கும்?" என்பார். ஒருவர் ஐஎம்டிபி ஸ்கிரீன்ஷாட் போடுவார். சண்டை அதோடு முடியாது, அங்கேதான் சூடு பிடிக்கும்.

இது வெறும் ரசனைச் சண்டை இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு அளவுகோல் இருக்கிறது. எந்த அளவுகோல் எந்தத் தொடரை ஜெயிக்க வைக்கிறது, தமிழில் வந்த தொடர் ஏன் இந்தப் போட்டியிலேயே இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எது சயின்ஸ் ஃபிக்‌ஷன்?

ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் திகில் தொடரா, அறிவியல் புனைவா? அதில் வேறு உலகமும் உண்டு, பேயை ஞாபகப்படுத்தும் அரக்கனும் உண்டு. 2004-ல் தொடங்கிய லாஸ்ட் ஒரு தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதை. ஆனால் போகப்போகக் காலப் பயணத்துக்குள் நுழைந்துவிடும்.

நம்ம ஊர் உதாரணம் வேண்டுமா? 1990-களின் இறுதியில் வந்த மர்மதேசம் வரிசையின் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி, நாகா இயக்கியது. கதை முழுக்கக் காவல் தெய்வத்தைப் பற்றிய பயம். விடையின் பெரும்பகுதி கிடைப்பதோ மனநல மருத்துவத்தில். இதை எந்த அலமாரியில் வைப்பீர்கள்?

பொதுவாகப் பின்பற்றப்படும் கோடு ஒன்று இருக்கிறது. இன்று இல்லாத ஒரு விஷயம் கதையில் வர வேண்டும். அது மந்திரத்தால் அல்லாமல், ஏதோ ஒரு விதியின்படி இயங்குவதாகக் காட்டப்பட வேண்டும். கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் பட்டியலே மாறிவிடும். அதனால் குரூப்பில் சண்டையைத் தொடங்குவதற்கு முன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ரேட்டிங் எப்படி வேலை செய்கிறது?

100 பேர் ஓட்டுப் போட்ட ஒரு தொடருக்குச் சராசரி 9.8 என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட இன்னொன்றுக்கு 9.0. எது மேலே வர வேண்டும்? வெறும் சராசரியைப் பார்த்தால் முதலாவது. ஆனால் அந்த 100 பேரும் இயக்குநரின் நண்பர்களாக இருக்கலாம் இல்லையா?

இதைச் சரிசெய்ய ஐஎம்டிபி தன் டாப் 250 பட்டியலுக்கு ஒரு எடையிட்ட சராசரியைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு படைப்புக்கும், பொதுச் சராசரி அளவிலான குறிப்பிட்ட எண்ணிக்கை ஓட்டுகளைக் கற்பனையாகச் சேர்த்துவிடுவார்கள். உதாரணமாக, 7.0 மதிப்பில் 25,000 ஓட்டுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 9.8 வாங்கிய முதல் தொடர் சுமார் 7.01-க்கு இறங்கிவிடும். இரண்டாவது 8.6-ல் நிற்கும். அதாவது, ஓட்டு குறைவாக இருந்தால் கூட்டத்தின் நடுவுக்கு இழுக்கப்படுவீர்கள்.

நியாயமான கணக்குதான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சின்ன மொழியில், சின்னக் கூட்டம் மட்டும் பார்த்த அருமையான தொடர், எவ்வளவு நன்றாக இருந்தாலும் மேலே ஏறவே முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. முதல் சீசன் பிடிக்காதவர்கள் அதோடு நிறுத்திவிடுவார்கள். நான்காவது சீசனுக்கு ஓட்டுப் போட மிஞ்சுவது பெரும்பாலும் ரசிகர்கள்தான். "கடைசி சீசன் ரேட்டிங்தான் ஹை" என்று யாராவது சொன்னால், ஓட்டுப் போட்டது யார் என்று கேளுங்கள்.

ரேட்டிங் வேண்டாம் என்றால், வேறு எதை வைத்து அளப்பது?

*ஆயுள்:* பிபிசியின் டாக்டர் ஹூவை அசைக்க ஆளில்லை. 1963 நவம்பர் 23 அன்று தொடங்கி 1989 வரை ஓடியது. 2005-ல் மீண்டும் வந்தது. நாயகனின் உடலும் முகமும் மாறலாம் என்பது கதையிலேயே இருப்பதால், நடிகர் மாறினாலும் தொடர் நிற்பதில்லை.

*தாக்கம்:* 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசியில் தொடங்கிய ஸ்டார் டிரெக். மூன்று சீசன், 79 எபிசோடுகளோடு 1969-ல் நிறுத்தப்பட்டது. மறுஒளிபரப்பில்தான் அதற்குப் பெரிய கூட்டம் சேர்ந்தது. ரசிகர்கள் எழுதிக் குவித்த கடிதங்களால், 1976-ல் நாசா தன் முதல் ஸ்பேஸ் ஷட்டிலுக்கு அந்தத் தொடரில் வரும் கப்பலின் பெயரை வைத்தது: எண்டர்பிரைஸ்.

*விருது:* சிறந்த டிராமா தொடருக்கான எம்மி விருதுக்கு ஸ்டார் டிரெக் 1967, 1968 என இரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டது. இரண்டு முறையும் ஜெயித்தது மிஷன் இம்பாசிபிள். அந்த விருதை லாஸ்ட் 2005-லும், தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் 2017-லும் வாங்கின. இரண்டையுமே சயின்ஸ் ஃபிக்‌ஷன் என்று சொல்லலாமா என்பதில் இன்றும் வாக்குவாதம் உண்டு.

*எழுத்து:* 1959 முதல் 1964 வரை வந்த தி ட்விலைட் ஸோனின் 156 எபிசோடுகளில் 92-ஐ எழுதியது ராட் செர்லிங் என்ற ஒரே ஆள். பாபிலோன் 5-ன் 110 எபிசோடுகளில் 92-ஐ ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி எழுதினார். ஐந்து வருடக் கதையை முன்கூட்டியே திட்டமிட்டு எழுதும் முறைக்கு அது முன்னோடி.

*கச்சிதம்:* ஜெர்மன் மொழித் தொடரான டார்க். 2017-ல் தொடங்கி 2020-ல் முடிந்தது. மூன்று சீசன், 26 எபிசோடுகள். நீட்டி முழக்காமல் முடிந்த கதை.

*ஏக்கம்:* ஃபயர்ஃபிளை. 2002-ல் எடுக்கப்பட்ட 14 எபிசோடுகளில் 11-தான் முதல் ஒளிபரப்பில் வந்தன. தொடர்ந்திருந்தால் சொதப்பியிருக்குமோ என்னவோ, நிறுத்தப்பட்டதால் அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் போனது.

ஆறு அளவுகோலை எடுத்தோம். ஒரே தொடர் எல்லாவற்றிலும் முதலிடம் வரவில்லை.

சரி, ஓட்டெடுப்பு வைத்துவிடலாமே?

மூன்று நண்பர்கள், மூன்று தொடர்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நண்பரின் வரிசை: ஸ்டார் டிரெக், டார்க், பிளாக் மிரர். இரண்டாமவர்: டார்க், பிளாக் மிரர், ஸ்டார் டிரெக். மூன்றாமவர்: பிளாக் மிரர், ஸ்டார் டிரெக், டார்க்.

இப்போது இரண்டிரண்டாக மோதவிடுங்கள். ஸ்டார் டிரெக் டார்க்கை 2-1 என்று ஜெயிக்கும். டார்க் பிளாக் மிரரை 2-1 என்று ஜெயிக்கும். அப்படியானால் ஸ்டார் டிரெக்தானே பெஸ்ட்? இல்லை. பிளாக் மிரர் ஸ்டார் டிரெக்கை 2-1 என்று ஜெயித்துவிடுகிறது. வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கலாம்.

பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோந்தோர்சே 1785-லேயே எழுதிவைத்த புதிர் இது. மூன்று பேருமே தெளிவாகத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் மூன்று தெளிவுகளைக் கூட்டினால் ஒரு தெளிவு வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் குரூப் சண்டை முடியாததற்கு நண்பர்களின் பிடிவாதம் மட்டும் காரணம் இல்லை.

இதில் தமிழ் எங்கே?

இந்தியாவிலும் இந்த முயற்சிகள் நடந்தன. தூர்தர்ஷனில் 1980-களின் இறுதியில் இந்திரதனுஷ் வந்தது. 1998-ல் கேதன் மேத்தா இயக்கி, மிலிந்த் சோமன் நடித்த கேப்டன் வியோம் வந்தது. இரண்டும் இந்தி.

தமிழுக்கு சுஜாதா இருந்தார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு வகித்தவர். அவர் 1980-களில் ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா', 2020-களின் இந்தியாவைக் கற்பனை செய்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். காணாமல் போகும் கணவனைத் தேடும் நிலா. அவளோடு பேசுகிற, புத்தகம் படிக்கிற ரோபோ நாய் ஜீனோ. இந்தக் கதை தூர்தர்ஷனில் டிவி தொடராகவும் வந்தது.

அதை யார் பார்த்தார்கள் என்பதில் பூகோளத்துக்கும் பங்கு உண்டு. கேபிளும் டிஷ்ஷும் வராத காலத்தில், டிவி அலைகள் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில்தான் போகும். நடுவில் மலை நின்றால் படம் இல்லை, புள்ளிதான். இடுக்கியில் குமுளிப் பக்கத்து ஆனைக்கரை, தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகள் போன்ற எல்லையோரத்துத் தமிழ் வீடுகளை நினைத்துப் பாருங்கள். கேரளத்துக் கோபுரங்கள் தந்தது மலையாளம். தமிழ் வேண்டுமென்றால் கொடைக்கானல் போன்ற தமிழ்நாட்டுக் கோபுரத்தை நோக்கி ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும். கோபுரத்துக்கு நேரே இருக்கும் சரிவில் வீடு இருந்தால் அதிர்ஷ்டம். மறுபக்கச் சரிவில் இருந்தால் அந்தத் தொடரே இல்லை.

இன்று யார் வேண்டுமானாலும், எந்தச் சரிவில் இருந்தும் ஸ்டார் டிரெக்கைத் தேடிப் பார்த்துவிடலாம். அன்றைய தமிழ் டிவி தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. பார்க்க முடியாத தொடருக்கு யாரும் ரேட்டிங் போட மாட்டார்கள். ரேட்டிங் இல்லாதது பட்டியலில் வராது. பட்டியலில் இல்லாததை யாரும் தேடவும் மாட்டார்கள். 'ஆல் டைம் பெஸ்ட்' என்று வரும் எந்தப் பட்டியலும் உண்மையில், மிஞ்சியவற்றில் பெஸ்ட் என்றுதான் சொல்கிறது.

மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற முடியுமா?

முடியும். அதற்கு டாக்டர் ஹூவே சாட்சி. 1960-கள், 70-களில் பிபிசி பழைய டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. 90-க்கும் மேற்பட்ட எபிசோடுகளின் படம் தொலைந்துபோனது. ஆனால் அவற்றின் ஒலி முழுக்க இருக்கிறது. காரணம், வீட்டு டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள். அந்த ஒலிகளில் ஒரு கதையை எடுத்து அதன் மேல் அனிமேஷன் சேர்த்து, 2016-ல் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' மறுபடி வெளிவந்தது.

உங்கள் வீட்டு அட்டாலியிலும், ஊரில் தாத்தா வீட்டு மரப்பெட்டியிலும் பழைய விஎச்எஸ் கேசட் கிடக்கலாம். கல்யாண வீடியோ என்று எழுதியிருக்கும் டேப்பின் கடைசியில் தூர்தர்ஷன் நிகழ்ச்சி பதிவாகியிருப்பதும் உண்டு. தூக்கிப் போடுவதற்கு முன் சில விஷயங்கள்:

- கேசட்டின் கண்ணாடி வழியே பாருங்கள். சுருளில் வெள்ளைப் பொடி மாதிரி தெரிந்தால் அது பூஞ்சை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரத்தில் இது சகஜம்.
- பூஞ்சை பிடித்ததை விசிஆரில் போடாதீர்கள். டேப் கிழியலாம், மெஷினிலும் பூஞ்சை ஒட்டி அடுத்த கேசட்டுக்குப் பரவும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.
- நல்ல கேசட்டை நிமிர்த்தி, உலர்ந்த இடத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.
- டிஜிட்டலாக மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். விசிஆர் தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016-லேயே நிறுத்திவிட்டது. ஓடுகிற மெஷின்கள் வருஷா வருஷம் குறைகின்றன.
- நிகழ்ச்சியின் உரிமை உங்களுடையது அல்ல. அனுமதி இல்லாமல் இணையத்தில் ஏற்றாதீர்கள். ஆனால் என்ன தேதி, எந்தச் சேனல், என்ன நிகழ்ச்சி என்று எழுதிவைத்துப் பத்திரப்படுத்துங்கள். பிரசார் பாரதி தன் பழைய நிகழ்ச்சிகளை யூடியூபில் வெளியிட்டு வருகிறது. அங்கே இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கலாம்.

அடுத்த முறை குரூப்பில் சண்டை வந்தால், "எந்த அளவுகோல்ல பெஸ்ட்டுன்னு சொல்றே?" என்று கேளுங்கள். கூடவே வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "அந்தப் பழைய கேசட்டெல்லாம் இன்னும் இருக்காம்மா?" என்றும் கேட்டுவிடுங்கள். முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. இரண்டாவதைத் தள்ளிப்போட்டால், அடுத்த மழைக்குள் ஒரு டேப் போய்விடலாம்.