இரும்புக்கை மாயாவி யாருடைய சொத்து?

1972ஆம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியிலிருந்து ஒரு சிறு படக்கதைப் புத்தகம் வெளிவந்தது. முத்து காமிக்ஸின் முதல் இதழ் அது. தலைப்பு 'இரும்புக்கை மாயாவி'. (அன்று சிவகாசி இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. விருதுநகர் மாவட்டம் பிரிக்கப்பட்டது 1985ல்தான்.) விபத்தொன்றில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன், மின்சாரம் உடலில் பாயும்போதெல்லாம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறான், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கிறது. அன்று அதை வாசித்த சிறுவர்கள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். அந்தப் பாத்திரத்தின் மீது அவர்கள் கொண்டிருக்கும் உரிமை உணர்வுக்கும், சட்டம் சொல்லும் உரிமைக்கும் இடையிலுள்ள தூரம் சிறியதன்று. அந்தத் தூரத்தைக் கொஞ்சம் அளந்து பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய புத்தகம் சிவகாசியில் பிறந்தது தற்செயல் இல்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு மேலொட்டும் லேபிள் தேவைப்பட்டது. பட்டாசுக்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்கு அச்சகம் தேவைப்பட்டது. வண்ண அச்சகங்கள் பெருகியபின் அவற்றுக்கு ஆண்டு முழுவதும் வேலை கொடுக்க நாட்காட்டிகள் வந்தன. எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைப் பார்த்தே தமக்குப் பழக்கமான தீப்பெட்டியைக் கேட்டு வாங்கிய காலம் அது. ஒரு படம் விற்பனையில் வென்றுவிட்டால் அதே சாயலில் பத்துப் படங்கள் முளைத்தன.

அந்தப் படங்களை வரைந்தவர்களின் நிலை என்ன? கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் (1898–1976) தெய்வப் படங்களும், அவருடைய மாணாக்கர்களின் படங்களும் சிவகாசி நாட்காட்டிகள் வழியே இந்தியாவெங்கும் பூஜையறைகளில் இடம்பிடித்தன. ஆனால் 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், ஒரு கூர்மையான விதிவிலக்கை வைத்திருக்கிறது. படைத்தவனே முதல் உரிமையாளன் என்பது பொது விதி. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆக, அச்சகம் கேட்டு வரைந்த முருகனின் முகம் தூரிகையிலிருந்து தாளில் இறங்கிய நொடியிலேயே அச்சகத்துடையதாகி விடுகிறது. ஓவியனுக்கு எஞ்சுவது 57ஆம் பிரிவு தரும் தார்மீக உரிமை, அதாவது 'இதை வரைந்தவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை. அதை வைத்து உலை வைக்க முடியாது என்பது வேறு விஷயம்.

மாயாவியின் கதை இதைவிடச் சிக்கலானது. இங்கிலாந்தில் 1962ல் தொடங்கிய 'வேலியன்ட்' வார இதழில் 'ஸ்டீல் க்ளா' என்ற பெயரில் அவன் பிறந்தான். எழுதியவர் கென் பல்மர் என்ற ஆங்கிலேயர். வரைந்தவர் பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ. பின்னாளில் டாம் டல்லி எழுதினார். அக்காலத்து ஆங்கிலேயப் படக்கதை இதழ்களில் படைத்தவர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அத்தோடு சகல உரிமையும் பதிப்பாளருக்கு. மாயாவிக்காக உயிரை விட்ட தமிழ் வாசகன் பிளாஸ்கோ என்ற பெயரைக் கேள்விப்படவே பல பத்தாண்டுகள் ஆயின. அவன் மட்டுமென்ன, இங்கிலாந்துச் சிறுவனுக்கும் அதே கதைதான்.

சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸ் இதை முறைப்படி ஃப்ளீட்வே நிறுவனத்திடம் உரிமை பெற்றே வெளியிட்டது என்பதைக் குறிப்பிட்டாக வேண்டும். 'எஃகு நகம்' என்று பெயர்த்திருந்தால் யார் சீந்தியிருப்பார்கள்? 'மாயாவி' என்ற சொல் மூலத்தில் இல்லை. நம் மந்திரவாதக் கதைகளின் வாசம் வீசும் அச்சொல் தமிழில் சேர்ந்தது. உருவம் ஸ்பெயின்காரர் கையில், கதை ஆங்கிலேயர் எழுத்தில், பெயர் தமிழில். ஆனால் பெயருக்குப் பதிப்புரிமை இல்லை. வெறும் தலைப்பு பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பாகாது என்று 2015ல் உச்சநீதிமன்றமே ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் சொல்லிவிட்டது. தமிழ் கொடுத்த பங்கு எதுவோ, அதற்குத்தான் வேலி இல்லை.

1984ல் விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸில் இன்னொரு வேடிக்கை நடந்தது. அதன் நட்சத்திரங்களில் ஒருவன் 'ஸ்பைடர்' என்ற கொள்ளையர் கோமான். அவனுடைய கதைகள் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை ஜோ ஷுஸ்டருடன் சேர்ந்து படைத்து, 1938ல் 130 டாலருக்கு உரிமையனைத்தையும் எழுதிக்கொடுத்த அதே சீகல்தான்! உரிமையைத் திரும்பக் கேட்டு 1947ல் வழக்காடித் தோற்றவர். 1960களில் மீண்டும் கேட்கப்போய் அமெரிக்காவில் வேலை இழந்தவர். அந்தக் காலத்தில்தான் ஆங்கிலேய இதழுக்கு, பெயரின்றி, ஸ்பைடர் கதைகளை எழுதினார். 1975ல்தான் வார்னர் நிறுவனம் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், சூப்பர்மேன் படைப்பாளி என்ற பெயரையும் கொடுத்தது. நம்மூர்ப் பெட்டிக்கடையில் தொங்கிய புத்தகத்துக்குள் சூப்பர்மேனின் தகப்பன் ஒளிந்திருந்தார் என்பதை எத்தனை பேர் அறிந்திருப்போம்?

இந்தியாவில் பாத்திரங்களின் சொந்தம் பற்றிய வழக்குகள் குறைவு. அவற்றுள் எனக்குப் பிடித்தது கேரளத்தின் 'போபனும் மோளியும்' வழக்கு. டோம்ஸ் என்று அறியப்பட்ட வி. டி. தாமஸ் அப்பாத்திரங்களை மலையாள மனோரமாவில் வேலைக்குச் சேருமுன்பே படைத்திருந்தார். 1987ல் வெளியேறி வேறு இதழில் வரையத் தொடங்கியபோது மனோரமா நீதிமன்றம் சென்றது. பணியிலிருந்தபோது வரைந்த படங்கள் முதலாளியுடையவை, ஆனால் அப்பாத்திரங்களைப் புதிதாக வரைவதைத் தடுக்க முதலாளிக்கு உரிமையில்லை என்ற வகையில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரைந்த தாள் வேறு, வரையும் மனம் வேறு என்று ஒரு நீதிமன்றம் பிரித்துப் பார்த்த அபூர்வத் தருணம். 1996ல் டில்லி உயர்நீதிமன்றத்தில் 'நாகராஜ்' என்ற பாம்பு நாயகனுக்கும் அவனைப் போலவே பச்சை உடலும் பாம்புக் கச்சையுமாக வந்த 'நாகேஷ்' என்பவனுக்கும் நடந்த வழக்கில், நாகேஷுக்குத் தடை விதிக்கப்பட்டது.

இவையெல்லாம் படைத்தவன், பதிப்பாளன் என்ற இரு தரப்பு வழக்குகள். மூன்றாவதாக வாசகனே படைப்பாளியாக உள்ளே நுழைந்தால்? 2004 ஏப்ரலில் கொரியாவின் என்சிசாஃப்ட் வெளியிட்ட 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற இணைய விளையாட்டில் அதுதான் நடந்தது. ஆடுபவர் தன் நாயகனைத் தானே வடிவமைத்துக்கொள்ளலாம்: உடல், உடை, முகமூடி, சக்தி, பெயர் எல்லாம். அங்கே ஆயிரக்கணக்கானோர் தங்கள் இளமைக்கால நாயகர்களின் சாயலில் உருவங்களைச் செய்துகொண்டார்கள். மின்சாரம் பாய்ந்தால் மறையும் இரும்புக்கையனை உருவாக்கும் ஆசை நம்மவர் ஒருவருக்கு வந்திருந்தால் வியப்பில்லை.

அவ்வாண்டு நவம்பரில் மார்வெல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. பச்சை நிறப் பேருருவமும் நகம் நீட்டும் வீரனும் எங்கள் சொத்து, அவற்றைச் செய்ய வழிகொடுத்த கருவியே குற்றம் என்பது வாதம். ஆடியவர் எவர் மீதும் வழக்கில்லை. கூத்து அதற்குப் பிறகுதான். மார்வெல் சான்றாகக் காட்டிய உருவங்களில் சிலவற்றை அதன் ஆட்களே விளையாட்டுக்குள் புகுந்து செய்திருந்தார்கள் என்று தெரியவந்தது. 2005 மார்ச்சில் நீதிபதி அவற்றையும் சில குற்றச்சாட்டுகளையும் நீக்கினார், டிசம்பரில் சமரசமாயிற்று. கருவி மாறவில்லை. சட்டக் கேள்வி மட்டும் தீர்ப்பின்றியே நின்றுபோயிற்று.

இதில் பெரிதும் கவனிக்கப்படாத பக்கம் ஒன்றுண்டு. யாரையும் பார்த்துச் செய்யாமல் தன் கற்பனையிலிருந்தே ஒருவர் ஒரு பாத்திரத்தைச் செய்திருந்தால் அது யாருடையது? இத்தகைய விளையாட்டுகளில் நுழையும்போது 'சம்மதம்' என்று அழுத்தும் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதை நிறுவனத்துக்கே அளித்துவிடுகின்றன. 2003 நவம்பரில் 'செகண்ட் லைஃப்' உலகத்தை நடத்திய லிண்டன் லேப், உருவாக்கியவர்க்கே உரிமை என்று அறிவித்தது பெருஞ்செய்தியானதே அது விதிவிலக்கு என்பதால்தான். நம் சட்டத்தின் 19ஆம் பிரிவோ, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும் என்கிறது. காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்தாண்டு, எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியா மட்டும். பொத்தானை அழுத்துவது கையெழுத்தாகுமா என்ற வாதத்துக்கு இங்கே இடமிருக்கிறது.

'டோட்டா'வின் வரலாறு இன்னும் பாடம் நிறைந்தது. பிளிஸார்டின் 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுக்குள் ரசிகர்கள் கூலியின்றிக் கட்டிய ஆட்டம் அது. யூல், கின்சூ, ஐஸ்ஃப்ராக் என்ற புனைபெயர்கள் மட்டும் தெரிந்தவர்கள் நாயகர்களை ஒருவர் பின் ஒருவராகச் சேர்த்தார்கள். பின்னர் அது கோடிகள் புழங்கும் சொத்தானது. பிளிஸார்டும் வால்வும் 2012ல் சமரசம் செய்துகொண்டன. பிறகு அவ்விரு நிறுவனங்களும் யூகூல் என்ற நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், யூல் 2004லேயே தன் ஆட்டத்தைப் பொதுவில் விட்டுவிட்டார் என்று யூகூல் வாதிட்டது. 2017ல் கலிஃபோர்னிய நீதிபதி பிரேயர் அதை உடனே தள்ளிவிடாமல் நடுவர் குழுவுக்குரிய கேள்வி என்றார். 2020 ஜனவரியில் பழைய ஆட்டத்தைப் புதுப்பித்து வெளியிட்ட பிளிஸார்ட், இனி இதற்குள் ரசிகர்கள் செய்வதெல்லாம் நிறுவனத்தின் உடைமை என்று விதி எழுதிக்கொண்டது. 1938ல் சீகலுக்காவது 130 டாலர் கிடைத்தது.

மாயாவி எங்கே போனான் என்று கேட்கலாம். பல கைகள் மாறிய அந்தப் பழைய ஆங்கிலேயக் கதைக் களஞ்சியத்தை 2018ல் விலைக்கு வாங்கியது ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் நிறுவனம். 'ஸ்னைப்பர் எலைட்' முதலியவற்றைச் செய்துவரும் கணினி விளையாட்டு நிறுவனம் அது. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' 2012 நவம்பரில் மூடப்பட்டது. ஆனால் ரசிகர்கள் அதை இரகசியமாக உயிர்ப்பித்து வைத்திருந்தார்கள். 2024 ஜனவரியில் அவர்களில் ஒரு குழுவுக்கு என்சிசாஃப்ட் முறைப்படி உரிமம் கொடுத்தது.