ஓட்டுநரை அறியாத பிரீமியம்

மூன்றாம் தரப்புக் காப்பீட்டை 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியது. அப்பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலையில்தான். தனியார் காருக்கான அக்கட்டணத்தை இன்றும் நிர்ணயிப்பது இஞ்சின் திறனே, ஓட்டுபவரின் நடத்தையன்று. சொந்தச் சேதப் பிரிவில் 'நோ கிளைம் போனஸ்' 20 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை உயர்கிறது. பெயரே சொல்லிவிடுகிறது: அது இழப்பீடு கோராமைக்குரிய தள்ளுபடி, விதி மீறாமைக்குரியதன்று. அதுவும் உரிமையாளருக்கே உரியது. தாராவியிலிருந்து வந்து, பிறருடைய டாக்சியை நாள் வாடகைக்கு எடுத்து, இருபதாண்டு பிசகின்றி ஓட்டியவர் பெயரில் அங்கே எதுவும் பதிவாவதில்லை.

2021 ஜனவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு, விதிமீறல் புள்ளிகளைப் பிரீமியத்துடன் இணைக்கப் பரிந்துரைத்தது: குடிபோதையில் ஓட்டினால் 100, தவறான இடத்தில் நிறுத்தினால் 10. முன்னோட்டத்திற்குக் குறிக்கப்பட்டது தில்லி, மும்பையன்று. கூடுதல் தொகையைச் செலுத்த வேண்டியவர் அங்கும் வாகன உரிமையாளரே. மாதுங்காவிலோ செம்பூரிலோ அது நடைமுறைக்கு வருமாயின், அத்தொகை நாள் வாடகையில் ஏறி ஓட்டுநரிடமே வந்துசேரும் என்று கருதுகிறேன்.