மலம்புழா நீர்த்தேக்கப் பெருங்கற்சின்னங்களும் நீரடி வரைபடமாக்கமும்

நீரடித் தொல்லியல் வரைபடமாக்கம் என்பது கடல், ஏரி, நீர்த்தேக்கம் ஆகியவற்றின் அடியில் கிடக்கும் பழங்காலத் தடயங்களை ஒலியலை, ஒளிப்படம், தொலைவிலிருந்து இயக்கும் ரோபோ ஆகியவற்றின் துணையால் அளந்து பதிவு செய்யும் முறை. இந்தியாவில் துவாரகை, பூம்புகார், மாமல்லபுரம் ஆகிய கடலோரங்களை வைத்தே இதைப் பேசுவது வழக்கம். கடலே இல்லாத பாலக்காடு மாவட்டத்திலும் இதற்குத் தேவை இருக்கிறது. மலம்புழா அணைப் பகுதியில் தீவு போன்ற மேடுகளில், சுமார் 45 ஹெக்டேர் பரப்பில், 110-க்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களைக் கண்டறிந்ததாக இந்தியத் தொல்லியல் துறை 2025 மார்ச்சில் அறிவித்தது. கற்பதுக்கை, கல்வட்டம், கல்திட்டை, முதுமக்கள் தாழி, பல அறைகள் கொண்ட கற்பதுக்கை எனப் பல வகை ஈமச்சின்னங்கள் அங்கே உள்ளன. பெரும்பாலானவை கருங்கல் பலகைகளாலும் பாறைகளாலும் ஆனவை. சிலவற்றில் செம்புறாங்கல்லும் கலந்திருக்கிறது.

இந்த எண்ணிக்கையை ஓர் ஈமக்காட்டின் முழுக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. இன்று தீவுகளாகத் தெரிபவை ஒரு பள்ளத்தாக்கின் மேடுகள். 1949-இல் சென்னை மாகாண அரசு தொடங்கிய அணை வேலை 1955-இல் முடிந்தபோதுதான் அவற்றைச் சுற்றி நீர் சூழ்ந்தது. ஈமச்சின்னங்களை எழுப்பியவர்கள் பிற்கால அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து இடம் தேர்ந்திருக்க முடியாது. ஆகவே 45 ஹெக்டேர் என்பது நீர் வரைந்த எல்லை. சரிவுகளில் இறங்கிச் செல்லும் வரிசைகள் நீருக்கடியில் தொடர்வதற்கு வாய்ப்பு அதிகம். இப்படி மூழ்கியவை வேறு இடங்களிலும் உண்டு. ஸ்பெயினில் 1963-இல் வால்தேகானியாஸ் நீர்த்தேக்கம் நிறைந்தபோது குவாதல்பெரால் கல்திட்டை மூழ்கியது. 2019, 2022 வறட்சிகளில் அது முழுதாக வெளியே வந்தது. பவானிசாகரில் நீர் வற்றும்போது டணாயக்கன் கோட்டையில் உள்ள கோயிலும், மேட்டூரில் பழைய நந்தியும் தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுவதைத் தமிழ்நாட்டார் அறிவார்கள். மலம்புழா அணை எழுந்த அதே காலத்தில் நாகார்ஜுனகொண்டாவில் 1954 முதல் 1960 வரை பெரும் அகழாய்வு நடத்தி, நினைவுச்சின்னங்களை உயரமான இடத்துக்கு மாற்றினார்கள். அந்தக் கவனம் மலம்புழாப் பள்ளத்தாக்குக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கின் முக்கியத்துவம் அதன் இருப்பிடத்தால் வருவது. பாலக்காட்டுக் கணவாயின் வட விளிம்பில் மலம்புழா இருக்கிறது. கொங்கு நாட்டுக் கொடுமணல், மேற்குக் கரையின் பட்டணம் ஆகிய தொல்லிடங்களை இணைத்த இயல்பான வழி இந்தக் கணவாயே. கேரளத்தில் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் ஏராளமாகக் கிடைத்தும், அவற்றைக் கட்டியவர்களின் வாழ்விடங்கள் அரிதாகவே கிடைத்துள்ளன. வாழ்ந்தவர்கள் ஆற்றங்கரையை ஒட்டி இருந்திருந்தால், தேட வேண்டிய இடம் இன்றைய நீர்ப்பரப்புக்கு அடியில்தான் இருக்கிறது.

கலங்கிய நீரில் கேமரா சில அடிக்கு மேல் பார்ப்பதில்லை. அதனால் முதல் கட்ட வேலை ஒலியலையுடையது. படகில் பொருத்திய பல்கற்றை எதிரொலிமானி, விசிறி போல் விரியும் ஒலிக்கற்றைகளை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு ஆழத்தைக் கணக்கிடுகிறது. நன்னீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,480 மீட்டர் செல்லும். 1 பாகை அகலமுள்ள கற்றை 10 மீட்டர் ஆழத்தில் சுமார் 17 சென்டிமீட்டர் அகலத்தைத்தான் தொடும். சில மீட்டர் விட்டமுள்ள கல்வட்டத்தைப் பிரித்தறிய இது போதும். பக்கவாட்டு சோனார், செங்குத்தாக நிற்கும் கற்பலகைக்குப் பின்னால் எதிரொலி இல்லாத கரிய நிழலைப் பதிவு செய்யும். நிழலின் நீளத்திலிருந்து பலகையின் உயரத்தைக் கணக்கிடலாம். வண்டலுக்குள் புதைந்தவற்றுக்கு அடிப்படிவ ஒலிமானி உண்டு. சந்தேகத்துக்குரிய இடங்களை இப்படிக் குறித்த பிறகே ரோபோவை இறக்க வேண்டும். ஜிபிஎஸ் நீருக்குள் எட்டாது. படகிலிருந்து வரும் ஒலிக்குறிகளால் ரோபோ தன் இடத்தை அறிகிறது. கல்லை நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அது எடுக்கும் நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி முப்பரிமாண உருவாக இணைக்கும்.

கோடையில் நீர் வற்றும்போது நடந்தே பார்த்துவிடலாமே என்ற வாதத்தில் நியாயம் உண்டு. வெளிப்படும் சரிவுகளை நடந்தும் டிரோன் கொண்டும் அளப்பதே மலிவான முதல் வேலை. ஆனால் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி கோடையிலும் நீருக்குள்ளேயே இருக்கிறது. எழுபது ஆண்டுகள் மூழ்கிக் கிடந்தவை இனியும் பத்திரமாகவே இருக்கும் என்ற எண்ணமும் பாதிதான் சரி. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை 1981-இல் வெளியிட்ட நீர்த்தேக்க ஆய்வறிக்கை, நீர் ஏறி இறங்கும் விளிம்புப் பட்டையில்தான் அலையும் அரிப்பும் தொல்லிடங்களை அதிகம் சிதைக்கின்றன என்று காட்டியது. மலம்புழாத் தீவுகளின் கரைகள் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. எது சிதைகிறது என்பதை அளவோடு சொல்ல, அடுத்தடுத்த ஆண்டுகளின் வரைபடங்களை ஒப்பிட வேண்டும்.

சோனார் படம் தவறான கற்பனைக்கு இடம் கொடுக்கும் என்பது இன்னும் கனமான எதிர்வாதம். பூம்புகாருக்கு எதிரே 23 மீட்டர் ஆழத்தில் தேசியக் கடலாய்வு நிறுவனம் 1991-இல் சோனாரால் கண்ட குதிரைலாட வடிவ அமைப்பை வைத்து, பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய நாகரிகம் என்ற முடிவு வரை சென்றவர்கள் உண்டு. அந்த அமைப்பின் காலம் அகழாய்வால் நிறுவப்படவே இல்லை. படம் வடிவத்தைத்தான் சொல்லும், வயதைச் சொல்லாது. மலம்புழாவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது: மேலே உள்ள 110-க்கும் மேற்பட்ட சின்னங்களின் அளவும் வடிவமும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. அவற்றோடு ஒப்பிட்டுப் பொருந்துவதை மட்டும் ஏற்று, இயற்கைப் பாறையை ஒதுக்கலாம். நீரடியில் தென்படும் எதையும் நேரில் சரிபார்க்கும் வரை ‘ஐயத்துக்குரியது’ என்றே பட்டியலிட வேண்டும். புதையல் தேடுவோர் கைக்கு எட்டாதபடி துல்லியமான இடக்குறிகளைப் பொதுவில் வெளியிடாமலும் இருக்க வேண்டும்.

செலவை ஒரு தடையாகக் காட்டுவது பொருந்தாது. நீர்த்தேக்கங்களில் வண்டல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதை ஆழ அளவீடு செய்து கணிக்கும் பணியைப் பீச்சியில் உள்ள கேரளப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் செய்துவருகிறது. நீரடிப் பணிக்கான சிறு ரோபோக்கள் கொச்சியிலேயே தயாராகின்றன. இந்தியத் தொல்லியல் துறையின் நீரடித் தொல்லியல் பிரிவு 2025-இல் துவாரகையில் மீண்டும் களமிறங்கியிருக்கிறது. வண்டல் அளவாய்வையும் தொல்லியல் அளவாய்வையும் ஒரே படகில், ஒரே பயணத்தில் நடத்தத் தடையேதும் இல்லை. துறைகள் கூடிப் பேசினால் போதும். ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கற்கள்மீது இன்னொரு அடுக்கு வண்டலைச் சேர்க்கிறது. மலம்புழாவில் அடுத்த வண்டல் அளவாய்வு தொடங்கும்போது தொல்லியல் துறையினரும் அந்தப் படகில் இருக்க வேண்டும்.