தீயின் கணக்கு

தீ எரித்த வீட்டின் இழப்பை யார் எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்பதை ஆராய்ந்தால் ஒரு சமுதாயத்தின் இயல்பு விளங்கும்.

1666இல் இலண்டனில் மூண்ட பெருந்தீ 13,000க்கு மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. மறு ஆண்டே சட்டம் பிறந்தது: வீடுகள் செங்கல்லாலோ கருங்கல்லாலோ எழல் வேண்டும், அடுத்தடுத்த வீடுகளுக்கிடையே தடித்த சுவர் நிற்றல் வேண்டும். 1680களில் தீக்காப்புறுதி நிலையங்களும் தோன்றின. உடைமையாளனின் இழப்பு பவுண் கணக்கில் ஏறியது.

இப்பாடத்தைக் கற்ற நாட்டிலிருந்து வந்த துரைமாரே பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் மலையகத்தில் லயங்களைக் கட்டுவித்தனர். ஒரே நீண்ட கூரை. அதன்கீழ் வரிசையாகக் காம்பிராக்கள். பல லயங்களில் இடைச்சுவர் கூரையைத் தொடுவதேயில்லை. அடுப்பிலோ மின்கம்பியிலோ பிறக்கும் பொறி கூரை மரங்களின் வழியே காம்பிராவுக்குக் காம்பிரா தாவுகிறது. அட்டனிலும் நுவரெலியாவிலும் ஒரு தீ ஓரிரவில் பல குடும்பங்களைத் தெருவில் நிறுத்துவது இதனாலேயே.

லயம் தோட்டத்தின் உடைமை. கட்டடத்தின் விலை தோட்டத்து ஏட்டில் ஏறும். தகரப்பெட்டியில் கிடந்த தோடும், பிள்ளையின் புத்தகமும், பிறப்புச் சான்றிதழும் எந்த ஏட்டில் ஏறும்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மக்கள் இவர்கள். 1949ஆம் ஆண்டுச் சட்டமோ, மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இந்நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை மெய்ப்பிக்கக் கோரியது. அத்தகையோரின் பெட்டியில் காகிதம் சாம்பலானால், இம்மண்ணில் வாழ்ந்ததற்கான சான்றே சாம்பலாகும்.

2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் எஞ்சியிருந்தோரும் குடியுரிமை பெற்றனர். ஆயினும் பலருக்கு லயக்கூரை இன்னும் நீங்கவில்லை.

தீக்குப்பின் வரும் அரிசியும் போர்வையும் கருணை. தனிவீடும் காணி உறுதியும் உரிமை. இவ்விரண்டின் வேறுபாட்டை நம் வகுப்பறைகளில் நாம் கற்பிப்போமாக.