கறுவா ஏகபோகமும் கீழைக்கரை முஸ்லிம்களும்

கல்முனை தொட்டு ஒலுவில் வரையுள்ள கரையோர முஸ்லிம் ஊர்களிலே நெற்செய்கை நெடுங்காலமாக ஒரு முதன்மைத் தொழிலாக இருந்து வந்துள்ளது. இலங்கை முஸ்லிம்கள் வணிகச் சமூகத்தினரே என்னும் பொதுக்கூற்று இங்கு பொருந்தாமை நோக்கற்பாலது. இதற்கான காரணங்களுள் ஒன்றை நாம் ஐரோப்பியரின் கறுவா வணிகத்திலே காண்கிறோம்.

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே போர்த்துக்கேயர் வந்தபோது இலங்கையின் கடல்வணிகம் பெரிதும் முஸ்லிம்களின் கையிலிருந்தது. கறுவாவைத் தாம் விரும்பிய விலைக்குப் பெறுவதற்குப் போட்டியாளரை அகற்றுதல் அவர்களுக்கு அவசியமாயிற்று. சமயப்பகையும் அதற்குத் துணைநின்றது. 1626இல் அவர்கள் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடமளித்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிலே குடியேற்றினான் எனப் போர்த்துக்கேயர் குறிப்புகள் கூறும்.

கடலை இழந்தோர் நிலத்தை நாடினர். ஆயினும் அந்நியர் ஆதிக்கம் அங்கும் தொடர்ந்தது. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை எழுப்பினர். இரண்டாம் இராசசிங்கனுக்குத் துணையாக வந்த ஒல்லாந்தர் 1638இல் அதனைக் கைப்பற்றினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கறுவா ஏகபோகத்தை முன்னையினும் இறுக்கமாக நடத்திற்று.

இவ்வகதிகள் மட்டுமே கீழைக்கரை முஸ்லிம்களின் மூதாதையர் எனச் சுருக்குதல் தவறாகும். அயலிலுள்ள தமிழரிடம் போன்றே இவர்களிடமும் தாய்வழிக் குடிமுறை நிலவுவது, இம்மண்ணோடும் மக்களோடும் இவர்களுக்குள்ள நெடிய உறவைப் புலப்படுத்துகிறது. எனவே, ஒரு சமூகத்தின் தொழிலை அதன் பிறவியியல்பாகக் கொள்ளாது, அத்தொழிலை நிருணயித்த பொருளாதார சக்திகளை ஆராய்தல் எமது கடனாகும்.